புதுப்பிப்பு: சின்ன கேரவன் டிரெய்லருக்கு முதலில் எதை வாங்குவது

காருக்குப் பின்னால் இழுக்கிற சின்ன கேரவன் டிரெய்லர் வாங்கியிருக்கிறேன், முதல் பயணத்துக்கு எந்தச் சாமான் அவசியம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாளையங்கோட்டையிலிருந்து பணகுடி, ராதாபுரம் வழியாக உவரி போய்த் தங்கிவிட்டு வந்தோம்.

அதிகம் உதவியது தூத்துக்குடி அண்ணாச்சி சொன்னதுதான். டிரெய்லரைக் காரோடு மாட்டுகிற கொக்கியில் இறங்குகிற எடை, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்கணும், குறைந்தால் டிரெய்லர் பின்னால் பக்கவாட்டில் வாலாட்டும் என்றார். ஆள் எடை பார்க்கிற மெஷின் மேல் கொக்கிப் பக்கத்தை இறக்கிப் பார்த்தோம், குறைவாகத்தான் காட்டியது, தண்ணீர் கேன்களைச் சக்கர அச்சுக்கு முன்னால் நகர்த்தியதும் சரியாகிவிட்டது. பணகுடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடித்தபோதும் டிரெய்லர் ஆடவே இல்லை.

எதிர்பாராதது உவரி மணல். சக்கரத்துக்கு அடை வைத்துவிட்டுத்தான் கொக்கியைக் கழற்றினோம், ஆனால் டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்குகிற ஜாக்கி மணலில் இறங்கிக்கொண்டே போனது. பக்கத்தில் கிடந்த பனங்கட்டையை அடியில் கொடுத்த பிறகுதான் நின்றது. கடற்கரைக்குப் போகிறவர்கள் அகலமான பலகை நாலு கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பட்டியல்களில் வருகிற தண்ணீர் பிரஷர் ரெகுலேட்டர் (குழாய்த் தண்ணீரின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற கருவி) எங்களுக்குத் தேவைப்படவில்லை, எல்லாம் கேன் தண்ணீர்தான். கேஸ் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்த்தோம். அப்புறம், முதல் 80 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் (குறிப்பிட்ட அளவு விசையில் இறுக்குகிற ஸ்பானர்) மறுபடி இறுக்குங்கள், எங்களுக்கு இரண்டு நட்டு லேசாகத் தளர்ந்திருந்தது.