பக்கத்தில் இருக்கும் மியான்மர் எரிவாயு நமக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: வரைபட ஆசிரியை

பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் ஆசிய வரைபடத்தை மாட்டிவைத்து, கத்தாரிலிருந்து எரிவாயுவைத் திரவமாக்கிக் கப்பலில் கொண்டுவருகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "மிஸ், மியான்மர் நம்மை ஒட்டித்தானே இருக்கு? அங்கேயும் எரிவாயு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. பைப் போட்டு எடுத்துக்கலாமே?" என்றாள். அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

பதில்: அகர்தலா நாட்கள்

உங்கள் மாணவி கேட்ட அதே கேள்வியை 2005-இல் நாங்களும் கேட்டோம், டீச்சர். நான் அப்போது திரிபுராவில் எரிவாயு பைப்லைன் வேலையில் வெல்டிங் இன்ஸ்பெக்டர். ஒவ்வொரு ஜாயின்டையும் எக்ஸ்ரே எடுத்து, அந்தப் பிலிமை வெளிச்சத்தில் பிடித்து விரிசல் தேடுவதுதான் என் வேலை.

மியான்மரின் ராக்கைன் கடற்கரைக்கு அப்பால் ஷ்வே என்ற எரிவாயு வயலை 2004-இல் கண்டுபிடித்தார்கள். தோண்டியது கொரியாவின் டேவூ. ஆனால் அதில் நம் அரசு நிறுவனங்களான ஓஎன்ஜிசி விதேஷ், கெயில் இரண்டுக்கும் பங்கு உண்டு. 2005 ஜனவரியில் இந்தியா, வங்கதேசம், மியான்மர் அமைச்சர்கள் யாங்கூனில் கூடினார்கள். நம் பக்கம் போனவர் அன்றைய பெட்ரோலிய அமைச்சர் மணிசங்கர் அய்யர், அப்போது மயிலாடுதுறை எம்.பி. மிசோரம், திரிபுரா வழியாக வந்து, வங்கதேசத்தைக் கடந்து கொல்கத்தா போய்ச் சேரும் குழாய் என்று பேசினார்கள். செய்தி வந்த அன்று எங்கள் கேம்பில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். இன்னும் பத்து வருஷத்துக்கு வேலை இருக்கிறது என்று வெல்டர்கள் வீட்டுக்கு போன் போட்டார்கள்.

குழாய் தங்கள் மண்ணில் போக வேண்டும் என்றால் மூன்று விஷயம் வேண்டும் என்றது வங்கதேசம். நேபாளம், பூட்டானோடு இந்தியா வழியாக வியாபாரம் செய்யப் பாதை. அந்த நாடுகளின் நீர்மின்சாரத்தை இந்தியா வழியாக வாங்க அனுமதி. இந்தியாவோடு உள்ள வர்த்தகப் பற்றாக்குறையைக் குறைக்க ஏற்பாடு. இவை இரு நாடுகளுக்கு நடுவே பேச வேண்டியவை, மூன்று நாட்டு ஒப்பந்தத்தில் கலக்கக் கூடாது என்று இந்தியா சொன்னது. பேச்சு அங்கேயே நின்றுபோனது.

சீனா காத்திருக்கவில்லை. 2008-இல் அந்த எரிவாயுவுக்கு 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. மியான்மருக்குள் மட்டும் 793 கிலோமீட்டர் குழாய் போட்டு, ராக்கைன் கடற்கரையில் உள்ள கியாக்பியூவிலிருந்து சீனாவின் யுன்னான் மாகாணத்துக்குக் கொண்டுபோனார்கள். 2013 ஜூலையில் ஓட ஆரம்பித்தது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. வயலில் நம் இரண்டு நிறுவனங்களுக்கும் சேர்த்து 25.5 சதவீதப் பங்கு. அந்தக் குழாயிலும் நமக்குச் சின்னப் பங்கு இருக்கிறது. லாபத்தில் நமக்கும் பங்கு வருகிறது, எரிவாயு யுன்னானின் தலைநகர் குன்மிங்கில் எரிகிறது.

பதில்: நெய்தல் நிலத்தான்

வங்கதேசம் வழியாக வராததே நல்லது என்பது என் கருத்து. 2009 ஜனவரியில் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் விலைத் தகராறு வந்து, கிட்டத்தட்ட இரண்டு வாரம் உக்ரைன் வழியாக எரிவாயு போகவில்லை. கடுங்குளிரில் பல்கேரியாவும் ஸ்லோவாக்கியாவும் தவித்துப்போயின. நடுவில் இருப்பவன் கையில் வால்வு இருந்தால் இதுதான் கதி. துர்க்மெனிஸ்தானிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகப் பஞ்சாபின் ஃபாசில்கா வரை 1,814 கிலோமீட்டருக்கு 'டாபி' குழாய் என்று 2015-இல் அடிக்கல் நாட்டினார்கள். இன்னும் நம் எல்லைக்கு வரவில்லை. கப்பல் என்றால் ஒரு நாடு மறுத்தாலும் இன்னொரு நாட்டில் வாங்கலாம்.

பதில்: அகர்தலா நாட்கள்

நீங்கள் சொல்லும் ஆபத்து உண்மைதான். ஆனால் நடுவில் இருப்பவருக்கும் நம்மிடம் ஏதாவது வேண்டியிருந்தால், வால்வை மூட அவர் யோசிப்பார். இதை நான் நேரில் பார்த்தேன்.

திரிபுராவின் பலாட்டானாவில் 726 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் கட்டினார்கள். அதன் கனமான இயந்திரங்களை அசாம் மலைப்பாதையில் கொண்டுவர வழியே இல்லை. அப்போது வங்கதேசம் ஒத்துக்கொண்டது. படகில் ஆஷுகஞ்ச் வரை வந்து, அங்கிருந்து பெரிய டிரெய்லர்களில் அகௌரா எல்லை வழியாக அகர்தலா வந்தன. பாலங்கள் அந்தக் கனத்தைத் தாங்காது என்று தித்தாஸ் ஆற்றுக்குக் குறுக்கே மண் கொட்டிப் பாதை போட்டார்கள். ஆற்றை மறித்ததில் அங்குள்ள மீனவர்களுக்குக் கோபம், அதில் நியாயம் இருந்தது. 2016-இல் திரிபுராவிலிருந்து வங்கதேசத்துக்கு 100 மெகாவாட் மின்சாரம் போக ஆரம்பித்தது.

2005-இல் கலக்கக் கூடாது என்றார்களே, அந்தப் பண்டமாற்றுதான் இது. அன்றைக்கே நேபாளப் பாதையைக் கொடுத்திருக்க வேண்டும் என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். 2023 மார்ச்சில் சிலிகுரியிலிருந்து வங்கதேசத்தின் பார்பதிபூருக்கு டீசல் குழாயும் திறந்தாயிற்று, 131.5 கிலோமீட்டர். எல்லையைத் தாண்டிக் குழாய் போட நம்மால் முடியும்.

வரைபட ஆசிரியை

இருவருக்கும் நன்றி. இன்று வகுப்பில் இதைச் சொன்னேன். கியாக்பியூவிலிருந்து குன்மிங்குக்குச் சிவப்பு சாக்பீஸில் கோடு போட்டுக் காட்டினேன். அதே மாணவி, "அந்தக் கோடு போற ஊருக்காரங்களுக்கு எரிவாயு கிடைச்சுதா, மிஸ்?" என்று கேட்டாள்.

பதில்: அகர்தலா நாட்கள்

அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். மியான்மருக்கென்று ஒரு பங்கை ஒதுக்கினார்கள், ஆனால் பெரும்பகுதி சீனாவுக்குத்தான். குழாய் பதிக்கும்போது ராக்கைனில் பல ஊர்களில் இரவில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடினால் உண்டு, இல்லாவிட்டால் விளக்குதான். 24 மணி நேரமும் மின்சாரம் வேண்டும் என்று அந்த மக்கள் போராடினார்கள். குழாய் போன வழியில் நெல் வயலை இழந்தவர்களும் உண்டு. நான் ஜாயின்ட் பார்த்த ஊர்களிலும் நிலம் கொடுத்த விவசாயி வந்து இதே கேள்வியைத்தான் கேட்பார். என்னிடம் பதில் இருக்காது, பிலிமைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன்.