அப்டேட்: ஓட்டத்த விட்டு எட்டு மாசம் ஆச்சு

காலேஜ் முடிஞ்சதோட தடை தாண்டி ஓடுற 400 மீட்டர் ஹர்டில்ஸும் முடிஞ்சிருச்சு, இப்ப நான் யாருன்னே தெரியலன்னு எழுதியிருந்தேன்ல, அதோட அப்டேட். காலைல நாலரைக்கு இன்னும் தானா முழிப்பு வந்துருது. முதல் மூணு மாசம் அந்த நேரம்தான் ரொம்பக் கொடும, ஓடுறதுக்குப் போடற ஆணி வச்ச ஷூ, ஸ்பைக்ஸ, பரண்ல போட்டுட்டேன், 2023ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல வித்யா ராம்ராஜ் இதே ஹர்டில்ஸ 55.42 செகண்ட்ல ஓடி பி.டி. உஷாவோட 1984 ரெக்கார்ட சமன் பண்ணாங்கல்ல, எனக்கு உசுரான அந்த வீடியோவக் கூட பாக்க முடியல.

அப்புறம் பக்கத்துத் தெரு அக்கா, எம்பொண்ணுக்கு ஓடச் சொல்லிக் குடும்மான்னு கேட்டாங்க. இப்ப ஆறு பிள்ளைங்க வருதுங்க. ஒரு ஹர்டிலுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 35 மீட்டர், அதுல எத்தன ஸ்டெப்னு எண்ணச் சொல்லிக் குடுக்கறப்ப என் காலே திரும்பக் கெடச்ச மாதிரி இருக்கு. நேத்து ஸ்பைக்ஸ எறக்கிட்டேன், ஒரு பொண்ணுக்கு சைஸ் சரியா இருந்துச்சு.