ஷிப்ட் வேலை, அரைகுறை லைன்: தொலைநிலை மாணவர்களுக்கு எதில் முதலில் கை வைப்பது?

சிப்புட்வாசி:
வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தொலைநிலைப் பட்டப்படிப்பு படிக்கும் 28 பேருக்குத் துணைக்குழு நடத்துகிறோம். பாதிப் பேருக்குத் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ ஷிப்ட் வேலை. பலரிடம் இருப்பது ஆண்ட்ராய்டு திறன்பேசி ஒன்றுதான், அதுவும் பிரீபெய்ட். செம்பனைக்கு நடுவே இருக்கும் வீடுகளில் லைன் ஒரு கோடு, இரண்டு கோடு. பாடத்தளம் மூடுல். விரிவுரையாளர்கள் கேட்டால் அமைப்பை மாற்றித் தருவார்கள். இரவு 8 மணி நேரலை வகுப்புக்குப் பாதிப் பேர் வருவதில்லை. நேரலையை வாரம் இரண்டாக்கலாமா, இல்லை மண்டபத்தில் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியை வைத்து உள்ளூர் மூடுல் ஓட்டலாமா?

டேட்டா கணக்கன்:
நேரலையைக் கூட்ட வேண்டாம், குறையுங்கள். வீடியோ கூட்டத்தை 600 கேபிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை கிலோபிட் டேட்டா) என்று குறைத்துக் கணக்கிட்டாலும் மணிக்கு 270 எம்பி. குரல் மட்டும் 80 கேபிபிஎஸ் என்றால் 36 எம்பி. அதே ஒரு மணி விரிவுரையை ஓப்பஸ் என்ற ஒலிக்கோப்பு வடிவில், மோனோ (ஒற்றைத் தட ஒலி), 24 கேபிபிஎஸ் என்று பதிந்தால் ஏறக்குறைய 11 எம்பிதான். ஸ்லைடைப் பிடிஎஃப் ஆகத் தனியாகக் கொடுத்துவிட்டால் பல பாடங்களுக்கு அதுவே போதும்.

வீடியோ கட்டாயம் என்றால் 8, 10 நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கள். வீடியோ சுருக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 480பி, விநாடிக்கு 10 ஃபிரேம், ஆர்எஃப் என்ற தர எண் 28 (எண் கூடினால் கோப்பு சுருங்கும்), ஒலி மோனோ 48 கேபிபிஎஸ். ஸ்லைடு அதிகம் அசையாததால் கோப்பு நன்றாகச் சுருங்கும். ஆனால் 480க்குக் கீழே போனால் எழுத்து கரைந்துவிடும், ஸ்லைடில் எழுத்தளவு 28க்குக் குறையக்கூடாது.

மூடுலில் யூடியூப் இணைப்பாகப் போடாமல் கோப்பாகவே ஏற்றச் சொல்லுங்கள். மூடுல் செயலி கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளும், யூடியூப் காணொளியை இறக்காது. வைஃபை கிடைக்கும் இடத்தில் ஒருமுறை இறக்கிவிட்டால் பஸ்ஸில் போகும்போதுகூடப் பார்க்கலாம். புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புவதானால் வீடியோவாக அனுப்பாமல் 'ஆவணம்' என்று தேர்ந்து அனுப்புங்கள். இல்லையேல் புலனம் தானே இன்னொரு முறை சுருக்கி ஸ்லைடைக் கெடுத்துவிடும்.

ஆண்டெனா தம்பி:
லைன் பற்றி. நம் மலேசியாவில் 3ஜி 2021 இறுதியோடு மூடப்பட்டது. 4ஜி நழுவினால் திறன்பேசி நேரே 2ஜிக்கு விழும், இணையம் செத்த மாதிரிதான். லைன் கோடுகளை எண்ணிப் பயனில்லை லா. அமைப்பில் சிம் நிலையைத் திறந்து டிபிஎம் எண்ணை, அதாவது சிக்னல் வலிமையைப் பாருங்கள். -95 நல்லது. -115க்குக் கீழே போனால் பக்கம் திறக்கும், ஆனால் இடுபணி ஏறாது. காரணம், கோபுரத்தின் சக்தி திறன்பேசிக்குக் கிடையாது, பதிவேற்றம்தான் முதலில் திணறும். வெளியே ஆண்டெனா பொருத்தக்கூடிய 4ஜி ரூட்டரைக் கூரை விளிம்பில் வைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

ராஸ்பெரி பை: பையில் மூடுலை ஓட்டும் மூடுல்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டால் ஓடும். ஆனால் அது தனி மூடுல். அங்கே எழுதிய வினாவிடையும் புள்ளியும் பல்கலைக்கழகத் தளத்துக்குத் தானாகப் போகாது. ஆகவே நூலகமாக மட்டும் வைக்கலாம். பை 4 என்றால் 5 வோல்ட் 3 ஆம்பியர் அசல் சார்ஜர். பையின் சொந்த வைஃபையில் இருபது பேர் ஏறினால் திக்கும், கேபிள் வழி தனி அக்செஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் கருவி) போடுங்கள். கரண்டு போனால் எஸ்டி கார்டு கெடும், அதனால் சின்ன யூபிஎஸும் (கரண்டு போனால் தாங்கும் பேட்டரி) கார்டின் பிரதி ஒன்றும் வேண்டும். மண்டபத்தில் ஏற்கெனவே வைஃபை இருந்தால் பை வாங்கும் காசு வீண்.

ஈப்போ மூடுல்காரர்:
விரிவுரையாளரிடம் கேட்கவேண்டியவை. வினாவிடையில் 'செயலி வழி இணையமின்றி எழுதலாம்' என்ற அமைப்பு இருக்கிறது. நேரக் கட்டுப்பாடு வைத்தால் அது வேலை செய்யாது. விடையை உடனுக்குடன் காட்டும் முறையும் கூடாது, பின்னூட்டம் கடைசியில்தான் வரவேண்டும். எழுதி முடித்தபின் லைன் உள்ள இடத்தில் செயலியைத் திறந்து ஒத்திசைக்காவிட்டால் விடை திறன்பேசியிலேயே கிடக்கும். இடையில் அதே முயற்சியை வேறு கருவியில் திறக்கவேண்டாம், மோதிக்கொள்ளும்.

இடுபணிக்குக் கெடுநாள் வேறு, அடைப்புநாள் வேறு; கெடு தாண்டினால் தாமதம் என்று பதிவாகும், அடைப்புக்குப் பின்தான் ஏற்காது. ஞாயிறு கெடு, செவ்வாய் அடைப்பு என்று வைத்தால் இரவு ஷிப்ட்காரர்கள் தப்புவார்கள். பின்னூட்டத்தை எழுத்துப் பெட்டியிலேயே குரலாகப் பதியலாம், வழக்கமான வரம்பு 2 நிமிடம்.

என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியம் மூடுலின் பங்கேற்பு அறிக்கை. இரண்டாம் வாரத்தில் முதல் இடுபணியைத் தேர்ந்து பார்த்தால் அதைத் தொடாதவர்களின் பெயருக்கு நேரே 'இல்லை' என்று வரும். அவர்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டு விடாதீர்கள், கூப்பிட்டுப் பேசுங்கள். ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டால் பலர் மனத்தளவில் படிப்பை விட்டிருப்பார்கள். நினைவூட்டலுக்கு எஸ்எம்எஸ்ஸை ஏளனமாகப் பார்க்கவேண்டாம். 2ஜியிலும் போய்ச் சேரும். ஓயுஎம் (மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) 2009இலேயே எஸ்எம்எஸ் வழி கற்றல் ஆதரவு கொடுத்தது.

தேர்வு நேரத்தில் மற்றச் செயலிகளைப் பூட்டிவைக்கும் சேஃப் எக்ஸாம் பிரவுசர் கேட்டால் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். விண்டோஸ், மேக், ஐபோன், ஐபேடுக்கு உண்டு, ஆண்ட்ராய்டுக்கு இல்லை. முன்பு பெடி என்று அழைத்த நாடி மையத்தில் (அரசின் சமூக இணைய மையம்) கணினி கிடைக்குமா, அதில் மென்பொருள் நிறுவ விடுவார்களா என்று இப்போதே கேளுங்கள்.

சிப்புட்வாசி:
நன்றி அண்ணே. பையை விட்டுவிட்டு ரூட்டர் பார்க்கிறோம். பாடத்தொகுதியை ஏஐயிடம் கொடுத்துக் கேள்வி கேட்க விடலாமா?

டேட்டா கணக்கன்:
விடலாம், ஆனால் பல்கலைக்கழக விதியை முதலில் படியுங்கள். சில பாடங்களில் பயன்படுத்தியதை இடுபணியிலேயே குறிப்பிடவேண்டும். தொகுதி ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆக இருந்தால் எழுத்துணரி (படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள்) ஓட்டாமல் ஏற்றவேண்டாம், பக்கம் வெறும் படமாகவே கிடந்து பதில் எங்கிருந்தோ வரும். 'இந்தத் தொகுதிக்குள் மட்டும் பார், பக்க எண் சொல், இல்லையென்றால் இல்லை என்று சொல்' என்று கட்டளையிட்டுவிட்டு, பக்கத்தைத் திறந்து சரிபாருங்கள். விடையைக் கேட்பதைவிட 'இந்த அத்தியாயத்திலிருந்து என்னிடம் ஐந்து கேள்வி கேள்' என்பது படிப்புக்கு உதவும். மேற்கோள் பட்டியல் மட்டும் கேட்கவே கூடாது. இல்லாத கட்டுரைக்கு ஆண்டும் பக்கமும் போட்டுத் தரும். சக மாணவர் பெயர், புள்ளி எதையும் அதில் ஏற்றவேண்டாம்.