சிறு மடக்குக் கத்தி: எஃகின் பெயருக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம்?

கேள்வி

வணக்கம். சட்டைப்பையில் அடங்கும் ஒரு சிறிய மடக்குக் கத்தி வாங்க எண்ணியிருக்கிறேன். மாங்காயும் கொய்யாவும் நறுக்குவது, சாக்கு கட்டிய சணல் கயிற்றை அறுப்பது, பார்சல் பெட்டிகளைப் பிரிப்பது, இவைதாம் அதற்குரிய வேலைகள். நான் வசிப்பது கடலோர ஊர். இங்கே உப்புக் காற்றில் கதவுத் தாழ்ப்பாள்கூட ஓராண்டுக்குள் பழுப்பேறிவிடும். சென்ற ஆண்டு, படத்தைப் பார்த்து மயங்கி ஒரு மலிவான கத்தியை வாங்கினேன். அலகில் எஃகின் பெயர் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருந்தது. ஒரே மாதத்தில் அதன் வாய் மடங்கிப்போய், தீட்டத் தீட்ட மழுங்கியது.

இப்போது 3,000 ரூபாய் வரை செலவிடலாம் என்று இருக்கிறேன். பிரான்ஸின் ஓபினெல் எண் 8, சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் சிறு கத்தி ஒன்று, அதிகம் அறிமுகமில்லாத சீன நிறுவனத்தின் டி2 எஃகுக் கத்தி ஆகிய மூன்றும் என் கண்ணில் பட்டன. நண்பர் ஒருவரோ, கொஞ்சம் பொறுத்திருந்து பணம் சேர்த்து எஸ்30வி எஃகில் வாங்கினால் அது வாழ்நாள் முழுதும் வரும் என்கிறார். கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதை விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

எஃகின் பெயர் அதன் கலவையை மட்டுமே சொல்கிறது. அந்த எஃகு எவ்வளவு சூட்டில் காய்ச்சப்பட்டது, எவ்வளவு விரைவாகக் குளிர்விக்கப்பட்டது, பிறகு எந்தச் சூட்டில் மீண்டும் பதப்படுத்தப்பட்டது என்பதை அது சொல்வதில்லை. நம் கொல்லர்கள் தோய்ச்சல் என்று சொல்லும் அந்த வேலை சரியாக அமையாவிட்டால், உயர்ந்த எஃகும் உங்கள் பழைய கத்தியைப் போலத்தான் மடங்கும். மடங்கியது என்று நீங்கள் சொன்னதிலிருந்தே எனக்குத் தோன்றுவது, ஒன்று அந்த அலகுக்குப் போதிய கடினம் ஏறவில்லை, அல்லது பொறித்திருந்த எஃகே அதில் இல்லை என்பதுதான். மிகக் குறைந்த விலைக் கத்தியில் பொறித்த பெயரைச் சரிபார்க்க வாங்குபவரிடம் எந்த வழியும் இல்லை. ஆகவே, குறைந்த விலைப் பிரிவில் நாம் எஃகின் பெயரை நம்புவதைவிட, ஒரே எஃகைப் பல பத்தாண்டுகளாகக் கையாண்டு பழகிய பட்டறையை நம்புவது நல்லது.

விக்டோரினாக்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1884-இல் தொடங்கிய அந்த நிறுவனம் பயன்படுத்தும் எஃகில் கார்பன் சுமார் 0.5 விழுக்காடுதான். கடினமும் ராக்வெல் சி அளவையில் 56 என்ற நடுத்தர நிலைதான். பெயர்ப் பட்டியலில் அது மேலே வராது. ஆனால் ஒரு கத்திக்கும் அடுத்த கத்திக்கும் வேறுபாடே தெரியாத அளவுக்குத் தோய்ச்சல் சீராக இருக்கும். துரு எளிதில் அண்டாது. கூர் போனாலும் சாதாரணக் கல்லில் சில நிமிடங்களில் திரும்பிவிடும்.

ஓபினெல் 1890-இல் சவோய் மலைப்பகுதியில் பிறந்தது. எண் 8-இன் அலகு 8.5 சென்டிமீட்டர் நீளம். இரண்டு எஃகுகளில் கிடைக்கிறது: ஒன்று 0.9 விழுக்காடு கார்பன் கொண்ட சாதாரணக் கார்பன் எஃகு. மற்றது 12சி27 என்ற சுவீடன் நாட்டுத் துருப்பிடிக்காத எஃகு. நான் இந்தக் கத்தியைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் எஃகு மட்டுமன்று, அலகின் குறைந்த கனமும்தான். முதுகிலேயே 2 மில்லிமீட்டருக்குக் குறைவு. வாய்ப்பக்கம் போகப் போகத் தாள் போல மெலிகிறது. 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த அலகில் எவ்வளவு சிறந்த எஃகு இருந்தாலும், கெட்டியான மாங்காயில் அது ஆப்பைப் போல இறங்கிக் காயைப் பிளக்குமே தவிர நறுக்காது. விலையை ஒப்பிடும்போது பலரும் இந்தக் கனத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை; எனக்கு அது மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

மறுமொழி 2

முன்னவர் சொன்னதோடு எனக்கு உடன்பாடுதான், ஆனால் கார்பன் எஃகைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். ஓபினெல் கார்பன் கத்தியை நான் 6 ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். பழச்சாறு பட்டுப் பட்டு அலகு நீலம் கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறியிருக்கிறது. அந்தப் படலம் ஏறிய பிறகு செந்துரு வருவது குறைந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் துடைத்து வைப்பவருக்கு அதைப்போல எளிதில் கூரேறும் கத்தி வேறில்லை. ஆனால் புதிய அலகால் புளிப்பு மாங்காயை நறுக்கினால் துண்டுகளின் ஓரம் கறுக்கும், நாக்கில் இரும்பின் சுவையும் தட்டும். உப்புக் காற்று வீசும் ஊரில் ஓரிரவு ஈரத்தோடு மடக்கி வைத்தால் காலையில் புள்ளி விழுந்திருக்கும். உங்கள் பழக்கம் எப்படி என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. துடைத்து வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். டி2 எஃகில் குரோமியம் 12 விழுக்காடு இருப்பதாகப் படித்தேன். அப்படியானால் அதுவும் துருப்பிடிக்காமல் இருக்க வேண்டுமல்லவா? வீட்டில் என்னிடம் இருப்பது சாதாரணக் கார்பரண்டம் கல் ஒன்றுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி 3

ஐயா, குரோமியத்தின் மொத்த அளவைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. டி2-இல் கார்பன் 1.5 விழுக்காடு. அந்தக் கார்பன் குரோமியத்தில் பெரும்பங்கைப் பிடித்துக் கார்பைடு எனும் கடினமான துகள்களாக மாற்றிக்கொள்கிறது. துருவைத் தடுக்க எஃகில் கரைந்து நிற்கும் குரோமியம் போதாமற் போகிறது. 12சி27-இல் குரோமியம் 13.5 விழுக்காடுதான் என்றாலும் கார்பன் 0.6 அளவில் நிற்பதால் குரோமியத்தின் பெரும்பகுதி தன் காவல் வேலையைச் செய்ய விடப்படுகிறது. டி2-இன் கார்பைடுகள் பெரியவையும்கூட. மெல்லிய வாயாகத் தீட்டினால் அவை பெயர்ந்து ஓரம் பொடிந்து போவது உண்டு. கயிறு அறுப்பதில் அது நன்றாக உழைக்கும் என்பதை மறுக்கவில்லை.

இனி எஸ்30வி. நான் கிடங்கு ஒன்றில் நாள் முழுதும் அட்டைப்பெட்டி அறுப்பவன். அட்டையில் கலந்திருக்கும் கனிமத் தூள் எந்த வாயையும் அரைத்துவிடும் என்பதால் எனக்கு அந்தச் செலவு பொருந்தியது. அமெரிக்காவின் குரூசிபிள் நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த இந்த எஃகில் வனேடியம் 4 விழுக்காடு. உருகிய எஃகைப் பொடியாகச் சிதறடித்து, பிறகு அந்தப் பொடியை மிகுந்த அழுத்தத்தில் சூட்டோடு இறுக்கிக் கட்டியாக்குகிறார்கள். அதனால் கார்பைடுகள் நுண்ணியவையாகச் சீராகப் பரவுகின்றன. அந்த முறைக்கும், அலகைச் செதுக்கும்போது தேய்ந்து தீரும் உராய்வுப் பட்டைகளுக்கும் சேர்த்துத்தான் நாம் விலை கொடுக்கிறோம். அத்தகைய கத்திகள் அமெரிக்காவிலேயே பெரும்பாலும் 100 டாலருக்கு மேல் போகின்றன. ஆனால் கார்பரண்டம் கல்லைவிட வனேடியம் கார்பைடு கடினமானது. வாங்கிய புதிதில் நான் அப்படிப்பட்ட கல்லில் ஒரு மாலை முழுதும் தேய்த்தும் பிசிர்தான் எழுந்ததே தவிரக் கூர் வரவில்லை. வைரத்தூள் பதித்த தகடு ஒன்று வாங்கிய பிறகே அந்தக் கத்தி எனக்கு வசப்பட்டது. நாளுக்கு நான்கு மாங்காயும் வாரத்துக்கு இரண்டு பார்சலும் உள்ள உங்களுக்கு அந்த எஃகின் கூடுதல் உழைப்பு பயன்படாது. உங்கள் கல்லுக்கு 12சி27 பொருந்தும்.

மறுமொழி 1 எழுதியவர்

ஒன்று சேர்க்க வேண்டும். வாங்கியவுடன் அலகின் இரு பக்கமும் சற்றுத் தாழ்ந்த கோணத்தில் கல்லில் ஓட்டி, வாயை மெலிதாக்கிக்கொள்ளுங்கள். நடுத்தர எஃகாக இருந்தாலும் இந்த ஒரு மாற்றத்தாலேயே அது நறுக்கும் காலம் வெகுவாகக் கூடுவதை என் கத்திகள் எல்லாவற்றிலும் கண்டிருக்கிறேன். எலும்பு, கம்பி ஆகியவற்றின் மேல் மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

துருப்பிடிக்காத எஃகில் ஓபினெல் எண் 8 வாங்குவதாக முடிவு செய்துவிட்டேன். மிஞ்சும் பணத்தில் மெல்லிய மணல் உள்ள கல் ஒன்றும் வாங்கிக்கொள்கிறேன். அதன் பிடி பீச் மரம் என்கிறார்களே, எங்கள் ஊர் ஈரத்தில் அது தாங்குமா?

மறுமொழி 2 எழுதியவர்

மழைக்காலத்தில் மரம் ஊறி, அலகு வெளியே வர மறுக்கும். அப்போது நகத்தால் இழுத்துப் போராடாதீர்கள். பிடியின் பின்முனையை மேசை ஓரத்தில் ஒருமுறை தட்டினால் அலகு தானே சற்று வெளியே நீளும். சவோய் மக்கள் அப்படித்தான் திறக்கிறார்கள். வாங்கியதும் ஆளிவிதை எண்ணெயைப் பிடியின் வெளிப்புறத்திலும், முக்கியமாக அலகு அடங்கும் பள்ளத்தின் உட்புறத்திலும் இரண்டு மூன்று முறை தடவி, ஒவ்வொரு முறையும் நன்கு காயவிடுங்கள். மறக்காமல், அலகை நகராமல் பிடிக்கும் பூட்டு வளையத்தின் அடியிலும் ஒரு சொட்டு விடுங்கள். ஈரம் முதலில் தங்குவது அங்கேதான்.