புதுப்பிப்பு: ‘கிளிக்’ என்று மட்டும் சொன்ன ரிவால்வர்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: கவ்பாய் ஆக்‌ஷன் போட்டியில் (பழைய கவ்பாய் காலத்து பாணித் துப்பாக்கிகளால் இலக்கைச் சுடும் போட்டி) என் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில் (ஒவ்வொரு முறையும் ஹாமரை, அதாவது தோட்டாவை அடிக்கும் சுத்தியலை, கட்டைவிரலால் பின்னே இழுத்துச் சுடுபவை) ஒன்று அடிக்கடி ‘கிளிக்’ என்று சொல்லிவிட்டு, வெடிக்காமல் சும்மா இருந்துவிடுகிறது என்று. பலரும் ஸ்பிரிங்கைத்தான் சொன்னீர்கள். பாதி சரி.

கட்டைவிரலுக்குச் சுகமாக இருக்கட்டும் என்று ஹாமர் ஸ்பிரிங்கை இலேசானதாக மாற்றியது நான்தான். பழையதைத் திரும்பப் போட்டதும் தொல்லை குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது: வெடிக்காத .38 ஸ்பெஷல் தோட்டா, இரண்டாவது அடியில் வெடித்துவிடுகிறது. அதாவது பிரைமர் (தோட்டாவின் அடியில் இருக்கும், அடிபட்டதும் மருந்தைக் கொளுத்தும் சிறு மூடி) முழுதாக உட்காரவில்லை, முதல் அடியின் வேகம் அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது. எல்லாம் நானே வீட்டில் ரீலோட் செய்தவை (சுட்ட காலிக் கூட்டில் புது பிரைமர், மருந்து, குண்டு போட்டவை). பித்தளைக் கூட்டின் பிரைமர் குழியில் கரி, ரீலோட் செய்யும் பிரஸ்ஸில் என் அவசரம், வேறென்ன. இப்போது குழியைச் சுரண்டிவிட்டு, ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். அடிப்பாகத்தைவிட ஒரு மயிரிழை உள்ளே இருக்க வேண்டும், துருத்திக்கொண்டிருந்தால் தோட்டா அறைகள் உள்ள சிலிண்டரே சுற்றாமல் சிக்கிக்கொள்ளும்.

நேற்று போட்டியில் 6 ஸ்டேஜ் (சுற்று), ஒவ்வொன்றிலும் 10 ரிவால்வர் தோட்டா (இரண்டு ரிவால்வர், ஒன்றுக்கு 5 மட்டுமே, பாதுகாப்புக்காக ஹாமர் காலி அறை மேல்). ஒன்றுகூட ஏமாற்றவில்லை. இலக்கைத் தவறவிட்டு 5 விநாடி அபராதம் 3 முறை வாங்கினேன், அதற்கு ஸ்பிரிங்கைக் குறை சொல்ல முடியாது.

ஜாக்கெட் (ஈயத்தின் மேல் செம்பு உறை) போட்ட குண்டு வாங்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். விதிப்படி ஈயக் குண்டுதான், எஃகு இலக்கு இவ்வளவு கிட்டே நிற்கும்போது அதுதான் நல்லதும்.