புதிதாக மாறியவருக்கு முதலில் என்ன சொன்னீர்கள்? சேஃப்டி ரேசர் அனுபவங்கள்

நுரைக்கிண்ணம்:

பல பிளேடு பதித்த தலையோடு வரும் கார்ட்ரிட்ஜ் ரேசரை விட்டுவிட்டு பிரஷ், சோப்பு, ஒரே ஒரு இரட்டை முனை பிளேடு போடும் சேஃப்டி ரேசர் என்று மாற நினைக்கும் யாராவது உங்களிடம் யோசனை கேட்டிருப்பார். நீங்கள் என்ன சொன்னீர்கள், அதற்குப் பிறகு அவர் கன்னம் என்ன கதி ஆனது என்று எழுதுங்களேன். என் சொதப்பலோடு நானே தொடங்கி வைக்கிறேன்.

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் ஒருநாள், "நீங்க எந்த ரேசர் சார் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். கேட்டது ஒரே கேள்வி. நான் ஒரு மணி நேரம் பேசினேன். சீப்புப் பல் வைத்த தலை, நேர் பட்டை வைத்த தலை, பிளேடு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், பன்றி மயிர் பிரஷ் நல்லதா பேட்ஜர் என்ற விலங்கின் மயிர் நல்லதா, மூன்று சுற்று மழித்தால் கன்னம் எப்படி வழுக்கும் என்று ஒன்று விடவில்லை. அவர் பாவம், தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் நான் சொன்னபடியே ஃபெதர் பிளேடு வாங்கினார். அப்போது நான் அதில்தான் மழித்துக்கொண்டிருந்தேன். மிகக் கூர்மையான பிளேடு. கை பழகியவருக்குச் சுகம்.

முதல் நாளே மூன்று சுற்று ஓட்டியிருக்கிறார். முடி வளரும் போக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று, எதிரே ஒன்று. மறுநாள் கழுத்தெல்லாம் சிவந்து, தாடைக்குக் கீழே இரண்டு பிளாஸ்திரியோடு வந்தார். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒன்றுமே சொல்லவில்லை. அந்த வாரமே கார்ட்ரிட்ஜுக்குத் திரும்பிவிட்டார்.

இத்தனைக்கும் அவர் எப்படி மழிக்கிறார் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கார்ட்ரிட்ஜின் தலை அசைந்து கொடுக்கும், கோணத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். கொஞ்சம் அழுத்தினாலும் பாரத்தைப் பல பிளேடுகள் பங்கு போட்டுக்கொள்ளும். சேஃப்டி ரேசரில் கோணம் நம் பொறுப்பு. தோலுக்கும் பிளேடுக்கும் நடுவே 30 டிகிரி போல இருக்க வேண்டும். அழுத்தம் தனியாகத் தேவையில்லை, ரேசரின் எடையே போதும். வருடக்கணக்கில் அழுத்திப் பழகிய கைக்கு முதலில் சொல்ல வேண்டியது அதுதான். அதை மட்டும் விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன்.

இப்போதெல்லாம் யாராவது கேட்டால் பதில் சொல்வதற்கு முன் நான் மூன்று கேள்வி கேட்கிறேன். எத்தனை நாளைக்கு ஒருமுறை மழிக்கிறீர்கள்? மழித்த பிறகு எங்கே எரிகிறது? எதற்காக மாற வேண்டும் என்று தோன்றியது? மூன்றாவதற்கு வரும் பதிலைக் கேட்டால், சிலருக்கு ரேசரையே மாற்ற வேண்டியதில்லை என்று தெரிந்துவிடும்.

கழுத்துச்சுழி:

எரியும் இடத்தைக் கேட்பது ரொம்பச் சரி. என் தம்பி கதையைச் சொல்கிறேன்.

"கழுத்து மட்டும் பத்தி எரியுது அண்ணா, கன்னம் நல்லா இருக்கு" என்று போன் செய்தான். அதற்குள் மூன்று ரேசர் வாங்கியிருந்தான், பிளேடு ஐந்து வகை. ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள், இவனும் வாங்கிக் குவித்திருக்கிறான். எதையும் தொடாதே, இரண்டு நாள் தாடியை விட்டுவிடு என்றேன். மூன்றாம் நாள் ஒரு தாளில் முகத்தை வரையச் சொன்னேன். விரல் நுனியால் முகத்தையும் கழுத்தையும் நான்கு பக்கமும் தடவிப் பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போகும் திசைதான் முடி வளரும் போக்கு, சொரசொரவென்று தடுப்பது எதிர்த் திசை. அதை அம்புக்குறியாகப் போட வேண்டும்.

படம் எடுத்து அனுப்பினான். கன்னத்தில் எல்லா அம்பும் கீழ்நோக்கி ஒழுங்காக இருந்தன. கழுத்தில் இடது பக்கம் காதைப் பார்த்து ஒன்று, வலது பக்கம் மேலே பார்த்து இரண்டு, குரல்வளைக்கு அருகே ஒரு சுழி. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவன் இத்தனை நாளும் 'போக்கில் மழிக்கிறேன்' என்று நினைத்துக்கொண்டு கழுத்தில் மேலிருந்து கீழே இழுத்திருக்கிறான். வலது பக்கம் அது நேர் எதிர்த் திசை. அதுவும் முதல் சுற்றிலேயே, முடி நீளமாக இருக்கும்போது.

திசையை மட்டும் மாற்றினான். ரேசர் அதே, பிளேடு அதே, சோப்பும் அதே. எரிச்சல் இரண்டு வாரத்தில் அடங்கியது. ஆனால் சிறு கொப்புளங்கள் நிற்கவில்லை. அவனுக்குச் சுருட்டை முடி. அடியோடு மழித்தால் வெட்டுப்பட்ட நுனி வளைந்து தோலுக்குள்ளேயே புகுந்துவிடும். கழுத்தில் ஒரே சுற்றோடு நிறுத்து, லேசாகச் சொரசொரப்பு இருந்தால் இருக்கட்டும் என்றேன். இதைக் கேட்க அவனுக்கு மனசே இல்லை. கண்ணாடி போல் வழுவழுப்பாக வேண்டும் என்றுதானே இவ்வளவும் வாங்கினான்! ஒரு மாதம் அடம்பிடித்துவிட்டு, சீழ் பிடித்து, தோல் மருத்துவரும் அதையே சொன்ன பிறகுதான் கேட்டான்.

பழைய ரேசர் பைத்தியம்:

முதல் பதிவில் ஃபெதர்மேல் பழி போட்டுவிட்டீர்களே! பிளேடு என்ன செய்யும்? மூன்று சுற்றைச் சொன்னது நீங்கள். பிளேடு அதிகம் வெளியே நீட்டாத மென்மையான ரேசரில் ஃபெதரைப் போட்டுக் கற்றுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். என் கோபமெல்லாம் பத்து வகை பிளேடு கலந்த மாதிரிப் பொட்டலத்தை முதல் நாளே கையில் கொடுப்பவர்கள்மேல்தான். தினம் ஒரு பிளேடு மாறினால், இன்று நன்றாக மழித்தது பிளேடாலா கையாலா என்று அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? ஒரு மாதம் ஒரே பிளேடு, அதுவே போதும்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தாத்தா ரேசரோடு வருவார்கள். அடியைத் திருகினால் தலை இரண்டு கதவாகத் திறக்குமே, அந்த வகை. "இதுக்கு இப்ப பிளேடு கிடைக்குமா?" என்பதுதான் முதல் கேள்வி. இரட்டை முனை பிளேடு ரேசரைக் கொண்டுவந்த கிங் கேம்ப் கில்லெட் அதற்குக் காப்புரிமை பெற்றது 1904-இல். இன்று கடையில் வாங்கும் இரட்டை முனை பிளேடு அந்தக் காலத்து ரேசரிலும் உட்காரும் என்று சொன்னால் நம்பமாட்டார்கள், போட்டுக் காட்டினால்தான் நம்புவார்கள். வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் திரவம், பழைய டூத் பிரஷ் இருந்தால் சுத்தம் செய்துவிடலாம். கொதிக்க வைக்கவே கூடாது, முலாம் கெட்டுவிடும். ஒருவர் அதையும் செய்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

குளியலறை ராணி:

நான் கால் மழிக்க சேஃப்டி ரேசர் பயன்படுத்துகிறவள். என் பதினேழு வயது மகன் அப்பாவிடம் கேட்கக் கூச்சப்பட்டு என்னிடம் வந்தான்.

முதல் இரண்டு நாள் பிளேடே தரவில்லை. உள்ளங்கையில் நுரை கட்டச் சொன்னேன். மூன்றாம் நாள் பிளேடு இல்லாத ரேசரால் முகத்து நுரையை வழிக்கச் சொன்னேன். கோணம் கைக்குப் பழகட்டும் என்றுதான். அப்புறம் பிளேடை அதன் குட்டைப் பக்கங்களில் பிடித்துப் போடக் காட்டினேன். முதல் மழிப்பு கன்னம் மட்டும். உதட்டுக்கு மேலேயும் மோவாயும் அடுத்த வாரம். "ரேசர் கை நழுவினா பிடிக்கப் போகாதடா, விழட்டும்" என்று மட்டும் நாலு தடவை சொன்னேன். மற்றதெல்லாம் மறந்துவிட்டான், அது நினைவிருக்கிறது. தேய்ந்த பிளேடுகள் மூடியில் கீறல் போட்ட ஒரு தகர டப்பாவுக்குள் போகின்றன.

வறண்ட நுரை:

நான் தப்பாகச் சொல்லி ஒரு நண்பரை அலைக்கழித்திருக்கிறேன். வீடு மாறியதிலிருந்து நுரை நிற்கவில்லை, இரண்டு நிமிடத்தில் காய்ந்து போகிறது என்றார். புதியவர்கள் நுரையில் தண்ணீர் போதாமல்தான் இருக்கும். வெள்ளையாகக் கெட்டியாக நின்றால் நுரை தயார் என்று நினைத்துவிடுவார்கள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து, மேலே ஒரு பளபளப்பு வரும்வரை அடிக்க வேண்டும். அதனால் வழக்கம்போல் "தண்ணி விடுங்க" என்றேன். விட்டார், நுரை இன்னும் மோசமானது. சோப்பை மாற்றினார், பிரஷை மாற்றினார்.

பிறகுதான் அவர் குழாயைச் சுற்றி வெள்ளைப் படிவு இருந்ததைப் பார்த்தேன். கடின நீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கசடாகிவிடும், நுரைக்குச் சோப்பு மிஞ்சாது. ஒரு பாட்டில் காய்ச்சி வடித்த நீரில் அடித்துப் பார்க்கச் சொன்னேன். அதே சோப்பு, அதே பிரஷ், நுரை கிண்ணத்தை விட்டு வழிந்தது. 'வீடு மாறினேன்' என்று அவர் முதல் வாக்கியத்திலேயே சொல்லியிருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை.

நுரைக்கிண்ணம்:

இதையெல்லாம் படித்துவிட்டு அந்தப் பக்கத்து இருக்கைக்காரரிடம் தயங்கித் தயங்கிப் பேச்சுக் கொடுத்தேன். எதற்காக அன்று மாற நினைத்தீர்கள் என்று இப்போதுதான் கேட்டேன். குப்பியில் வரும் நுரை தோலை வறட்டுகிறது, அவ்வளவுதான் என்றார். ரேசரைப் பற்றி அவருக்குக் குறையே இருந்ததில்லை!

சரி, கார்ட்ரிட்ஜ் இருக்கட்டும், பிரஷும் சோப்பும் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். ஊறவைக்கும் வேலை வேண்டாமென்று செயற்கை இழை பிரஷ். மழித்து முடித்ததும் படிகாரத்தை ஈரமாக்கி ஒரு தேய்ப்பு. இது நடந்து மூன்று வாரம் ஆகிறது.

இன்று காலை அவராகவே வந்தார். "படிகாரம் ஒரு இடத்துல மட்டும் சுரீர்னு எரியுது, ஏன் சார்?" என்றார். அங்கே கை அழுத்தியிருக்கும், நாளைக்கு அந்த இடத்தில் லேசாக விடுங்கள் என்றேன். எந்த இடம் என்று கேட்டதற்கு தாடைக்குக் கீழே தொட்டுக் காட்டினார். அன்று பிளாஸ்திரி ஒட்டியிருந்த அதே இடம்.