‘பியர்’: கடற்பாலம் அன்று, கடற்பரண்

குழுவினருக்கு வணக்கம்.

இங்கிலாந்துக் கடலோர ஊர்களின் கட்டடக்கலைச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் காணும் நம் வேலையில் மற்றவை ஏறக்குறைய முடிந்துவிட்டன. ‘ப்ராமனாட்’ உலாச்சாலை, ‘பேண்ட்ஸ்டாண்ட்’ இசைமண்டபம். இரண்டும் எனக்குச் சம்மதமே. கரையிலிருந்து கடலுக்குள் கால்கள்மேல் நீண்டு நிற்கும் மேடையான ‘பியர்’ (pier) மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது.

இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘தூண்’ என்பதை விட்டுவிடலாம். பாலத்தைத் தாங்கும் தூணுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல் இருப்பதால் வந்த குழப்பம் அது.

‘கடற்பாலம்’ என்றே கோழிக்கோட்டிலும் தலச்சேரியிலும் வழங்குகிறார்கள் என்று நண்பர் எழுதியது உண்மைதான். ஆனால் தமிழில் கடல் பாலம் என்றால் பாம்பன்தான் நினைவுக்கு வரும். பாலத்துக்கு இரண்டு கரை வேண்டும். இங்கிலாந்தின் சவுத்எண்ட் ஊரில் பியர் 2 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. மேலே ரயிலே ஓடுகிறது. அவ்வளவு தூரம் போயும் மறுகரை என்று ஒன்றில்லை.

‘உலாத்துறை’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வரலாறும் அதற்குத் துணை நிற்கிறது. 1814இல் வைட் தீவின் ரைடு ஊரில் பியர் திறக்கப்பட்டது படகுத்துறையாகத்தான். அதற்கு முன் கடல் உள்வாங்கிய வேளைகளில் பயணிகள் சுமையாட்களின் முதுகில் ஏறி இறங்கி, ஈரமணலில் நெடுந்தூரம் நடந்து ஊர் சேர வேண்டியிருந்தது. துறைக்கு வந்தவர்கள் பிறகு காற்று வாங்கவே வரத் தொடங்கினார்கள். உலாவும் துறையும் சேர்ந்த சொல் இந்தக் கதையை அப்படியே சொல்கிறது. ஆனால் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். காதில் விழுவது சுற்றுலாத்துறை! மனமில்லாமல்தான் கைவிடுகிறேன்.

என் பரிந்துரை ‘கடற்பரண்’.

இந்தக் கட்டடத்தின் உயிர் அதன் கால்களில் இருக்கிறது. அயர்லாந்தில் பணியாற்றிய, பார்வையிழந்த பொறியாளர் அலெக்சாண்டர் மிட்செல், அடியில் திருகு அலகு வைத்த இரும்புக் காலுக்கு 1833இல் காப்புரிமை பெற்றார். மரத்தில் திருகாணி இறங்குவதுபோல் அது மணலுக்குள் சுழன்று இறங்கும். பொறியாளர் யூஜீனியஸ் பர்ச் இந்த முறையை 1855இல் மார்கேட் ஊரின் பியரில் கையாண்டார். பிளாக்பூலின் வடக்குப் பியரும் (1863) பிரைட்டனின் மேற்குப் பியரும் (1866) அவர் வடிவமைத்தவையே. கல்லால் கட்டிய அலைத்தடுப்பு கடலை மறித்து நிற்கிறது. இதுவோ மெல்லிய கால்களுக்கிடையே அலையைப் போகவிட்டுவிட்டு நிற்கிறது. தளத்துப் பலகைகளின் இடுக்கு வழியே குனிந்து பார்த்தால், காலுக்கடியில் தண்ணீர் ஏறி இறங்குவது தெரியும்.

கால்மேல் நிற்கும் மேடைக்குத் தமிழில் பரண் என்று பெயர். தினைப்புனத்துப் பரணில் இருப்பவள் பயிரை மிதிக்காமல் புனத்தின் நடுவே இருக்கிறாள். இங்கே வருபவர் நனையாமல் கடலின் நடுவே நிற்கிறார்.

பரண் சிறியது, இது நீளமானது என்ற மறுப்பு வரும். அது நியாயமானதே. வீட்டுப் பரணும் நினைவுக்கு வரலாம். ஆனால் ‘கடல்’ முன்னால் வந்ததும் அந்த எண்ணம் விலகிவிடுகிறது. நீளத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘நெடும்பரண்’ எனலாம். எனக்கு உறுத்துவது 1823இல் பிரைட்டனில் கட்டி 1896இல் புயலில் அழிந்த சங்கிலிப் பியர்தான். தொங்குபாலம்போல் சங்கிலிகளில் தொங்கிய அதைப் பரண் என்பது சற்று இடிக்கிறது. அதற்கு மட்டும் தனிப்பெயர் வைக்கலாமா?

எந்தச் சொல்லையும் வாக்கியத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கீழே உள்ளதில் மற்ற சொற்களையும் மாற்றி வைத்துப் படித்துவிட்டு எழுதுங்கள்:

“1975இல் மூடப்பட்டு 2003இல் தீக்கிரையான பிரைட்டன் மேற்குக் கடற்பரணின் இரும்புக்கூடு, கரையோடு தொடர்பற்றுத் தண்ணீரில் நிற்கிறது.”